முதலில் காற்று, அப்புறம் நெருப்பு

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், செப்டம்பர் மாதத்தில், ஒரு ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிதல்ல. நாங்கள் அந்த மாதத்தில்தான் மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே படுத்து, சமைத்து வாழும்படி அமைத்த வண்டியை, வாங்கினோம். 2005 மாடல், 25 அடி நீளம், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை. விற்றவர்கள் எங்கள் பகுதியிலேயே இருந்த வயதான தம்பதி. ஏசி, ஜெனரேட்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்கள். ஹீட்டரின் முறை வந்தது. தெர்மோஸ்டாட் முள்ளைக் கடைசி எல்லையான 90 ஃபாரன்ஹீட் (32 டிகிரி செல்சியஸ்) வரை தள்ளியும் அசைவே இல்லை. அது பழுது அல்ல. வண்டிக்குள் அப்போது அதைவிடச் சூடு, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டின் வேலை ‘இங்கே குளிர்கிறது’ என்று சொல்வது. குளிராத இடத்தில் அது வாயைத் திறக்காது.

“குளிர்காலத்தில் நாங்கள் இந்த ஊரை விட்டு எங்கும் போனதில்லை. ஹீட்டர் போட்ட ஞாபகமே இல்லை” என்றார் அந்தப் பெரியவர். ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பேச்சின் முழு அர்த்தம் பின்னால்தான் எனக்குப் புரிந்தது. பல வருடம் ஓடாத ஹீட்டர் என்பது புது ஹீட்டர் மாதிரி அல்ல.

வெயில் ஊரில் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். ஏசியை ஒரு மணி நேரம் ஓட்டி உள்ளே 25 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். வண்டி பார்க்கப் போன அன்று எனக்கு இது தோன்றியிருந்தால் ஃபிளாக்ஸ்டாஃப் ராத்திரி நடந்திருக்காது.

அக்டோபர் கடைசியில் மலை ஊரான ஃபிளாக்ஸ்டாஃப் போனோம். ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் அதற்குள் சுமார் 1,100 அடியிலிருந்து 7,000 அடிக்கு ஏறிவிடுகிறோம். கள்ளிச்செடிகள் பின்தங்கி, பைன் மரக்காடு வந்துவிடும். கொக்கோனினோ தேசிய வனத்துக்குள் ஒரு மண் பாதையோரம் வண்டியை நிறுத்தினோம். கரண்ட் இணைப்பு கிடையாது, பக்கத்தில் வேறு வண்டிகளும் இல்லை.

முதல் தடவை போகிறவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு, நாங்களும் குழம்பினோம். மோட்டார்ஹோமில் இரண்டு ஹீட்டர்கள். ஓட்டுநர் முன்னால் இருப்பது சாதாரண கார் ஹீட்டர். இன்ஜின் சூட்டை எடுத்துத் தருவது. இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். வீட்டுப் பகுதிக்கு இருப்பது தனி. புரொப்பேன் கேஸில் எரிந்து, ப்ளோயர் வைத்துத் தரையோரக் காற்றுவாய்கள் வழியாகச் சூடான காற்றைத் தள்ளும். வழியெல்லாம் கார் ஹீட்டரில் கதகதப்பாக வந்ததால் ‘ஹீட்டர் நன்றாக இருக்கிறது’ என்று என் மனைவி சொல்ல, நானும் தலையாட்டியிருந்தேன். அது வேறு ஹீட்டர்.

இரவு ஒன்பது மணிக்கு முள்ளை ஏற்றினேன். உள்ளே எங்கோ மின்விசிறி சுற்றும் சத்தம், கொஞ்ச நேரம் கழித்து ‘டக்’, பிறகு ‘புஸ்’. அரை நிமிடத்தில் சூடான காற்று வந்தது. கூடவே கருகிய தூசி வாடையும் வந்தது; புகை அலாரம் அலறியது. மகள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டதும் வாடை அடங்கியது. வருடக்கணக்கில் படிந்த தூசி எரிவதால் வருவது இது. வீட்டு வாசலிலேயே, கதவு ஜன்னல் திறந்து, பகலில் ஒரு தடவை எரித்துத் தீர்த்திருக்க வேண்டிய தூசி.

அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினோம். விடியற்காலை 3.40க்கு மனைவி எழுப்பினாள். “என்னங்க, குளிர்காத்து வருது.” ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் காற்றுவாயில் கை வைத்தால் ஐஸ் மாதிரி இருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே; உள்ளே 9 டிகிரி. ஹீட்டர் சூடு தராதது மட்டுமல்ல, தரையோரக் குளிரைக் கிளறி எங்கள் மேல் வீசிக்கொண்டிருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று முதலில் அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக, நன்றாக எரிந்தது. அப்படியானால் கேஸ் இருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தேன். 10.9 வோல்ட்.

பேட்டரிக்கும் கேஸ் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. ஆனால் 12 வோல்ட் பேட்டரியில் அது மோசமான எண் என்பது தெரியும். இந்த வண்டியில் இன்ஜின் ஓடினால் வீட்டுப் பகுதியின் பேட்டரியும் சார்ஜ் ஆகும். இன்ஜினைப் போட்டேன். புகைக்குழாய்ப் பக்க ஜன்னல்கள் மூடியிருக்கின்றனவா, கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் ப்ளோயரின் சுருதி மாறியது. முனகலாக இருந்த சத்தம் மேலே ஏறி, ஒரு நிலையான ரீங்காரம் ஆனது. பிறகு ‘டக்’. பிறகு ‘புஸ்’. சூடு.

அந்தச் சுருதி மாற்றத்தில்தான் எனக்கு இந்த ஹீட்டர் புரிய ஆரம்பித்தது. ஊருக்குத் திரும்பியதும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒன்றன் பின் ஒன்றாகத்தான் எல்லாம் நடக்கிறது. தெர்மோஸ்டாட் ‘குளிர்கிறது’ என்றால் உடனே கேஸ் திறக்காது. முதலில் ப்ளோயர் சுற்ற வேண்டும். அதில் ஒரே மோட்டாரில் இரண்டு சக்கரங்கள். ஒன்று அறைக் காற்றைத் தள்ளும். மற்றொன்று வெளியிலிருந்து காற்றை இழுத்து எரியும் அறைக்குள் அனுப்பி, புகையை வெளியே தள்ளும். இரண்டு காற்றும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. நடுவில் உலோகச் சுவர். நெருப்பு ஒருபுறம், நாம் மறுபுறம்.

ப்ளோயர் கூட்டுக்குள் மெல்லிய தகடு வைத்த ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. பாய்மரத்தைக் காற்று தள்ளுவது மாதிரி காற்று அந்தத் தகட்டைத் தள்ள வேண்டும். அதனால் ஆங்கிலத்திலும் அதற்குப் பாய்மரப் பெயர்தான்: செயில் சுவிட்ச். ப்ளோயர் தன் முழு வேகத்தில் சுமார் முக்கால் பங்கைத் தொட்டால்தான் தகடு சாயும், சுவிட்ச் மூடும். அதற்கு அப்புறமும் கால் நிமிடம் போலக் காத்திருப்பு. முன்பு தங்கிய கேஸ் ஏதாவது இருந்தால் வெளியே போகட்டும் என்று. பிறகு கேஸ் வால்வு திறக்கும் ‘டக்’. சில நொடிகளுக்குத் தீப்பொறி. தீ பிடித்ததா என்று ஒரு மின்முனை பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் கேஸை மூடி, மறுபடி காற்றால் சுத்தம் செய்து, மறுபடி முயலும். மூன்று தடவையும் தவறினால் பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டுப் போட்டால்தான் திரும்ப முயலும்.

இதைப் படித்து முடித்தபோது அந்தக் கருவி மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை வந்தது. அன்று இரவு அது கெட்டுப்போகவே இல்லை. பேட்டரி தளர்ந்ததால் ப்ளோயர் மெதுவாகச் சுற்றியது. காற்று போதாததால் தகடு சாயவில்லை. போதிய காற்று இல்லாமல் நெருப்பு மூட்டுவது ஆபத்து என்று மறுத்துவிட்டது. தூங்கும் மூன்று பேருக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்திருக்கும் கருவி அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

சரி, பேட்டரி ஏன் தளர்ந்தது? ப்ளோயர் 7.5 ஆம்பியர் இழுக்கிறது. நான் அளந்து பார்த்தேன். குளிர் இரவில் பாதி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் பத்து மணி நேரத்தில் ஐந்து மணி நேரம். 37 ஆம்பியர்-மணி ஹீட்டருக்கே போய்விடும். ஃபிரிட்ஜின் போர்டு, கேஸ் அலாரம், விளக்கு, போன் சார்ஜ் என்று இன்னொரு பத்து. ஆக ஓர் இரவுக்கு 47. வண்டியில் இருந்தவை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், தொடராக இணைத்தவை, புதிதில் 220 ஆம்பியர்-மணி கொள்ளளவு. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே கணக்குக்கு 110 என்று வைக்கலாம். இரண்டு இரவு தாங்க வேண்டியது ஓர் இரவு கூடத் தாங்கவில்லை. பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தால் மூன்று அறைகளில் தண்ணீர் ஈயத் தகடுகளுக்குக் கீழே இறங்கி, தகடுகள் வெளுத்துக் கிடந்தன. ஃபீனிக்ஸ் வெயிலில் தண்ணீர் பார்க்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். இரண்டையும் மாற்றினேன். இப்போது மாதம் ஒரு முறை காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுகிறேன்.

கேஸ் கணக்கையும் அன்றே போட்டேன். எங்களுடையது மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும் ஹீட்டர். ஒரு கேலன் புரொப்பேனில் சுமார் 91,500 பி.டி.யு. ஐந்து மணி நேரம் எரிந்தால் 1.6 கேலன், அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். நம் ஊர் சமையல் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதைக் கொண்டுபோய் மாட்டினால் நாலரை இரவில் தீர்ந்துவிடும். ஒரு குடும்பம் ஒரு மாதத்துக்கு மேல் சமைக்கும் கேஸ் அது. இதைப் போனில் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவே இல்லை. “ரெண்டு கம்பளி சேர்த்துப் போத்திக்கக் கூடாதா?” என்றாள். அதையும் இப்போது செய்கிறோம். இரவில் 15 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை.

டிசம்பரில் ஃபீனிக்ஸிலும் விடியற்காலை 5 டிகிரி வரை இறங்கும். வாசலிலேயே வைத்துப் பழக அதுதான் காலம். புது பேட்டரி, 12.6 வோல்ட். முள்ளை ஏற்றினேன். ப்ளோயர் நல்ல சுருதியில் ஓடியது. ‘டக்’ வரவில்லை. ஐந்து தடவை போட்டால் இரண்டு தடவைதான் தீ பிடித்தது.

இந்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. காற்று இருக்கிறது, ‘டக்’ இல்லை. அப்படியானால் நடுவில் இருப்பது செயில் சுவிட்ச். கேஸ் டாங்கின் வால்வை மூடினேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். வண்டியின் வெளிப்புறக் கதவைத் திறந்து, ஸ்க்ரூக்களைக் கழற்றும் வரிசையில் போனில் படம் எடுத்துக்கொண்டே போனேன். சுவிட்ச் விரலளவுதான். தகட்டின் அடியில் தூசியும் வெள்ளை நாய் முடியும் திரண்டு, ஊறவைத்த பஞ்சு காய்ந்தது மாதிரி ஓர் உருண்டை. அந்தத் தம்பதியின் வீட்டில் வெள்ளை நாயின் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. வண்டி முழுக்க அது அவர்களோடு சுற்றியிருக்கிறது. சற்று நேரம் அந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்து மாட்டினேன். மல்டிமீட்டரைச் சுவிட்சின் இரு முனையில் வைத்து, தகட்டை விரலால் தள்ளிப் பார்த்தால் சில சமயம் தொடர்பு விட்டது. உள்ளே தேய்ந்துவிட்டது. பாகத்தின் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதியது வாங்கினேன், 22 டாலர். எண் பொருந்துவது முக்கியம். எவ்வளவு காற்றுக்குத் தகடு சாய வேண்டும் என்பது ஹீட்டருக்கு ஹீட்டர் மாறும். சிலர் இந்தச் சுவிட்சின் இரு ஒயர்களையும் முறுக்கி நேரடியாக இணைத்துவிடுவார்கள். ஹீட்டர் எரியத்தான் செய்யும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ப்ளோயர் நின்ற பிறகும் எரிய அனுமதி கொடுப்பது அது.

சுவிட்ச் மாற்றியதும் தீ ஒவ்வொரு தடவையும் பிடித்தது. ஆனால் ‘புஸ்’ என்பதற்குப் பதில் ‘டொம்’ என்று கனத்த சத்தம், பிறகு உறுமல், சில சமயம் அணைந்தும் போனது. உடனே நிறுத்தினேன். வெளிச்சுவரில் உள்ளே இழுக்கும் வாய், வெளியே விடும் வாய் என்று இரண்டு ஓட்டைகள். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றுக்குள் மண்ணால் ஆன குழாய்கள் வரிசையாக. குளவிக்கூடு! கேஸில் சேர்க்கும் அந்த நாற்றத்துக்குப் பூச்சிகள் வருகின்றன என்பது இங்கே மோட்டார்ஹோம் ஓட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது. நம் வீடுகளில் குளவி கூடு கட்டினால் நல்லது நடக்கும், கலைக்கக் கூடாது என்பார்கள். ஆனால் இது புகை போகும் வழி. கூட்டில் ஓட்டைகள் விழுந்திருந்தன. குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டன. வளைத்த கம்பியால் மெதுவாக உடைத்து வேக்யூமால் உறிஞ்சி எடுத்தேன். கடைகளில் இதற்குக் கம்பி வலை விற்கிறார்கள். என் ஹீட்டரின் கையேடு வலை போடக் கூடாது என்கிறது, காற்று தடைபடும். அதனால் ஹீட்டர் தேவைப்படாத கோடை மாதங்களில் மட்டும் மாட்டி, சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டி வைக்கிறேன். நாடா இருந்தால் வலை இருக்கிறது, ஹீட்டரைத் தொடாதே.

அதுவரை செய்தது மின்சாரமும் தூசியும் மண்ணும். கேஸ் குழாயில் நான் கை வைப்பதில்லை. உரிமம் உள்ள ஒரு தொழிலாளியை வரச்சொல்லி, கசிவு பார்க்கவும் அழுத்தம் அளக்கவும் சொன்னேன். வீட்டுப் பகுதிக்கு வர வேண்டிய அழுத்தம் 11 அங்குல நீர் உயரம் (கேஸ் அழுத்தத்தை இப்படித்தான் அளப்பார்கள்), சரியாக இருந்தது. அவர்தான் அலாரங்களின் பின்புறத் தேதியைக் காட்டினார். கேஸ் அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் காலாவதி ஆகும் பொருள்கள். எங்களுடையவை வண்டியோடு வந்தவை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் எப்போதோ காலாவதி ஆனவை. ஃபிளாக்ஸ்டாஃபில் இன்ஜினைப் போட்டுவிட்டு அந்தப் பச்சை விளக்கை நம்பி உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. அன்று மாலையே இரண்டையும் மாற்றினேன். பழைய வண்டி வாங்கினால் வேறு எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

இப்போது ஹீட்டர் போடும் முறை கைப்பழக்கம் ஆகிவிட்டது. கதவருகே வீட்டு பேட்டரி சுவிட்ச். அது அணைந்திருந்தால் தெர்மோஸ்டாட்டுக்கு உயிரே இல்லை. டாங்க் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால், குழாய் உடைந்து கேஸ் பாய்கிறது என்று நினைத்து உள்ளே ஒரு தடுப்பு விழுந்துவிடும். சொட்டுக் கேஸ்தான் வரும். அப்படி ஆனால் மூடி, சற்றுப் பொறுத்து, மறுபடி மெதுவாக. பிறகு அடுப்பில் ஒரு பர்னரைப் பற்றவைத்துப் பார்ப்பேன். குழாயில் தங்கிய காற்று போய்விடும்; கேஸ் வருகிறது என்பதும் தெரியும். உடனே அணைத்துவிடுவேன். அடுப்பைச் சூட்டுக்காக எரிய விடுவது கூடவே கூடாது. அதன் புகை நாம் மூச்சு விடும் காற்றிலேயே சேரும். காற்றுவாய்களை மூடுவதில்லை. இரண்டு மூன்றை மூடினால் சூடு உள்ளேயே தேங்கி, வெப்பத் தடுப்பு சுவிட்ச் நிறுத்திவிடும். கூரை ஜன்னலை ஓர் அங்குலம் திறந்தே வைப்போம், இல்லாவிட்டால் காலையில் எங்கள் மூச்சே கண்ணாடியில் தண்ணீராக வழியும். முன்பக்கக் கண்ணாடி வழியாகத்தான் அதிகக் குளிர் இறங்குகிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கனமான திரை போட்டதில் ப்ளோயர் ஓடும் நேரம் காதுக்குத் தெரியும்படி குறைந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் யூட்டாவின் ப்ரைஸ் கேன்யன் போனோம். அங்கே நார்த் கேம்ப்கிரவுண்ட் கிட்டத்தட்ட 8,000 அடி உயரம். கரண்ட் இணைப்பு இல்லை. இரவில் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது. மரத்தடிகளில் பனி கட்டியாக இருந்தது. இரவு வெளியே மைனஸ் 8. மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளும் வசதி இருந்திருந்தாலும் நான் இதைத்தான் போட்டிருப்பேன். இதன் ஒரு காற்றுக்குழாய் தரைக்கு அடியில் தண்ணீர் டாங்க் பக்கம் போகிறது. குழாய்கள் உறையாமல் காப்பது அதுதான்.

நாலு மணிக்கு விழிப்பு வந்தது. யாரும் எழுப்பவில்லை. இருட்டில் படுத்தபடி கேட்டேன். தெர்மோஸ்டாட்டில் சின்னச் சொடுக்கு. ப்ளோயர் கிளம்பி, ஏறி, நிலைத்தது. மனதுக்குள் எண்ணினேன். பதினேழில் ‘டக்’. உடனே ‘புஸ்’, மெல்லியதாக. எழுந்து போய் மீட்டரைப் பார்த்தேன்: ப்ளோயர் ஓடும்போதே 12.3. காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தது. மகள் போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.